தங்கச்சி வீட்டுக் கைப்பிடி

என் பட்டறையில் ஒரு காந்தம் இருந்தது. பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். ஓட்டையில் நூலைக் கட்டி மேஜை ஓரத்தில் தொங்கவிட்டிருந்தேன். மாடிப்படிக்கும் பால்கனிக்கும் கைப்பிடி போட வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

பட்டறை திண்டுக்கல்லில் இருந்து தாடிக்கொம்பு போகிற ரோட்டில் இருக்கிறது. கேட், கிரில், கைப்பிடி எல்லாம் செய்வேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. அப்பா போன பிறகு கிரில் பட்டறையில் சேர்ந்தேன். கண்ணில் பொறி விழுந்து விழுந்துதான் தொழில் வந்தது.

வருகிறவர்கள் ஒன்றுபோலத்தான் கேட்பார்கள். "எதுப்பா நல்லது?"

நானும் ஒன்றுபோலத்தான் சொல்வேன். இரும்பு சொன்னபடி வளையும். விலை குறைவு. வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும். யாரும் அடிக்க மாட்டார்கள். மூன்றாவது மழைக்கு அடிக்கால் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. பைப் துருவுக்குத் தாங்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். துரு அங்கே இருந்து கிளம்பும். அலுமினியம் லேசு. பருத்த ஆள் சாய்ந்தால் ஆடும். வார்ப்பு இரும்பில் பூவேலை அழகாக இருக்கும். ஏற்றும்போது கை தவறினால் மண்பானை மாதிரி உடையும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்டீல்தான் வேண்டும் என்பார்கள். பக்கத்து வீட்டில் போட்டிருப்பார்கள். பளபளவென்று இருக்கும். அவ்வளவுதான்.

ஸ்டீலில் இரண்டு ரகம். 202, 304. எங்கள் வாயில் டூ நாட் டூ, த்ரீ நாட் ஃபோர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. புதிதில் இரண்டிலும் முகம் பார்க்கலாம். உப்புத் தண்ணீர் பட்டால்தான் வித்தியாசம் தெரியும். டூ நாட் டூவில் முதலில் தேமல் மாதிரி வரும். பிறகு பழுப்பாக இறங்கும். த்ரீ நாட் ஃபோர் அப்படியே இருக்கும். விலைதான் எட்டாது.

நான் நூலைப் பிடித்துக் காந்தத்தைப் பைப்பில் வைப்பேன். ஒட்டாமல் நழுவும்.

"பாத்துக்கங்க. இரும்புன்னா கப்புன்னு பிடிச்சிரும். ஒட்டலைன்னா ஒரிஜினல். அம்புட்டுத்தான்."

தலையாட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுப்பார்கள். நான் காட்டியது டூ நாட் டூ.

ஆரம்பத்தில் எனக்கே தெரியாது. பைப் கடைக்காரர் சொன்னதை நான் சொன்னேன். அதற்கும் ஒட்டாது, இதற்கும் ஒட்டாது, காந்தத்தை வைத்து ரகம் பிரிக்க முடியாது என்று பின்னால் தெரிந்தது. தெரிந்த பிறகும் அதையேதான் சொன்னேன். வியாபாரம் நடந்தது.

எனக்கு ஒரே தங்கச்சி. கீரனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தேன். தென்னந்தோப்பு, காய்கறி வெள்ளாமை உள்ள குடும்பம். மாப்பிள்ளை சாது. வீட்டில் பேச்சு அவருடைய அண்ணனுடையது. பெரியவர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். தேங்காய் வியாபாரம் செய்கிறார். கல்யாணத்தில் என்னால் முடிந்தது குறைச்சல்தான். அதை அந்த வீட்டில் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். மூத்த மருமகள் வீட்டில் இருந்து வந்த அண்டாவைக் கழுவும்போதெல்லாம் சொன்னார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. என் மனைவி அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அம்மாவும் போய்விட்டது. தங்கச்சிக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். நான் எப்படி வந்து நிற்கிறேனோ அதுதான் அங்கே அவளுக்கு மரியாதை.

அவர்கள் புது வீடு கட்டினார்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று. வெளிப்பக்கமாக மாடிப்படி. மேலே முன்னால் நீளமாகப் பால்கனி. கூரைக் கான்கிரீட் போட்ட வாரம் மாப்பிள்ளையும் பெரியவரும் பட்டறைக்கு வந்தார்கள். நான் அப்போது வேறு ஒருவருக்குக் காந்தம் காட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், அது என்னங்க?"

சொன்னேன். ஒட்டலைன்னா ஒரிஜினல் என்று சொன்னேன்.

"அட, இது நல்லா இருக்குதுங்களே. தேங்காயத் தட்டிப் பாக்கற மாதிரி." காந்தத்தைக் கையில் வாங்கி, ஸ்டூலில், கிரில்லில், தன் கைக்கடிகாரத்தில் எல்லாம் வைத்துப் பார்த்தார். "உங்ககிட்ட வந்தா ஒரு வித்தையக் கத்துக்கிட்டுப் போலாமுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மனுஷன் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

"கைப்பிடி என் சீரு" என்றேன். "படிக்கும் பால்கனிக்கும் நானே போட்டுத் தாரேன். பொறந்த வீட்டுச் சீரா இருக்கட்டும்."

மாப்பிள்ளை பெரியவரைப் பார்த்தார். பெரியவர் என்னைப் பார்த்தார். "என்ன போடறீங்க?"

"இரும்புல போடுறேன். கெட்டிக் கம்பி. கருப்புப் பெயின்ட். உங்க ஊரு போர் தண்ணி உப்பு. வருசா வருசம் நானே வந்து பெயின்ட் அடிச்சுத் தாரேன்."

"இரும்புங்களா?" பெரியவர் சிரித்தார். "ஆட்டுப்பட்டிக்குத்தானுங்க இரும்பு போடுவோம். ஊடு கட்டிட்டு இரும்பப் போட்டா, தென்னைய வித்த காசு எங்கடான்னு கேக்க மாட்டாங்களா? ஸ்டீல்ல போடுங்க மச்சான். ஒரிஜினலா."

சரி என்றேன்.

அன்றைக்கே டூ நாட் டூவில் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. என் மனைவி அதைத்தான் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் போடுறதையே போட வேண்டியதுதானே. யாருக்குத் தெரியப் போவுது?"

"ரெண்டு வருசத்துல தெரியும். அந்தத் தண்ணிக்கு நிக்காது."

"ஊருக்குப் போட்டதும் ரெண்டு வருசந்தானே நின்னுச்சு. அப்ப எங்க போனாரு இந்த அரிச்சந்திரன்?"

 நல்ல ரகம் வாங்குவதற்காக வண்டியை விற்றேன். பட்டறைக்கும் வீட்டுக்கும் சைக்கிள் போதும். மதுரைக்குப் போய் ஒரு பெரிய பைப் கடையில் த்ரீ நாட் ஃபோர் கேட்டு வாங்கினேன். அதுவரைக்கும் அந்த ரகத்தில் நான் ஒரு வேலையும் செய்ததில்லை. கேட்டு வந்த ஆளே இல்லை. ஊருக்குப் போடுகிற சாதாரண வெல்டிங் இதற்குச் சரிவராது. ஆர்கான் வாயுவில் ஒட்டுகிற மெஷினை வாடகைக்கு எடுத்தேன்.

படி பாதியில் திரும்புகிற படி. அந்தத் திருப்பத்தில் எல்லா ஊரிலும் ஒரே வேலைதான் செய்வார்கள். பைப்பை வெட்டி, நடுவில் கடையில் வாங்கிய ஸ்டீல் குண்டை வைத்து ஒட்டிவிடுவார்கள். கை வழுக்கிக்கொண்டு வரும், குண்டில் வந்து இடிக்கும், எடுத்து மறுபடி வைக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் குண்டு ஆட ஆரம்பிக்கும். நானே அப்படி எத்தனையோ போட்டிருக்கிறேன். தங்கச்சி வீட்டுக்கு அப்படி வேண்டாம் என்று பட்டது. கீழ்ப்படியில் வைத்த கை மேல்படி வரைக்கும் எடுக்காமல் போக வேண்டும். ஒரே ஓட்டமாக.

அதற்குப் பைப்பை வளைக்க வேண்டும். சூடு காட்டினால் நிறம் போய்விடும். பைப்புக்குள் சலித்த மணலை இடித்து நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, கையால் சுற்றுகிற வளைப்பானில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். முதல் பைப் உள்பக்கம் மடங்கிவிட்டது. இரண்டாவது சப்பையானது. மூன்றாவது வந்தது. வந்ததும் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். அன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை.

ஒட்டு தெரியாமல் தேய்த்தேன். பைப்பின் மேல் ரகம் போட்டு எழுத்து இருந்தது. அதையும் பாலீஷ் போட்டு எடுத்துவிட்டேன். எழுத்தோடு விட்டால் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொண்டுபோய் மாட்டிய அன்றைக்குத் தங்கச்சி மேலும் கீழும் நாலு தடவை நடந்தாள். கையை எடுக்காமல் நடந்தாள்.

"எங்கண்ணே ஒட்டு?"

"இருக்கு. தேடு."

தேடினாள். கிடைக்கவில்லை. "பெரியவங்க பாத்தா அசந்துருவாங்க" என்றாள். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி அவள் துணிச்சலாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. அந்தப் பக்கம் சீரை மைக்கில் வாசிப்பார்கள். வந்த தட்டையெல்லாம் கூடத்தில் பரப்பி, யார் வீட்டுச் சீர் என்னென்ன என்று ஒருத்தர் சத்தமாகச் சொல்வார். தெரு வரைக்கும் கேட்கும். என் முறை வந்தது.

"பொண்ணு பொறந்த ஊட்டுச் சீருங்க. குத்துவெளக்கு ஒரு ஜோடி. பட்டுச்சேலை ஒண்ணு, பட்டு வேட்டி ஒண்ணு. பழத்தட்டு, பூத்தட்டு. அப்புறம்..." வாசித்தவர் நிறுத்தி, தாளைத் திருப்பிப் பார்த்தார். "மாடிப்படிக் கைப்பிடிங்க."

சிரித்தார்கள். ஒரு பெரியம்மா கேட்டது. "அதைய எந்தத் தட்டுல வெச்சுக் கொண்டாந்தீங்க கண்ணு?"

என் மனைவி விடவில்லை. "தட்டுல வர்ற சீரு பரணுக்குப் போயிரும்மா. இது தெனம் உங்க கைக்கு வரும்."

"அட, வாயப் பாரு" என்று அந்த அம்மாவே சிரித்தது. நல்ல சிரிப்புத்தான். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

பெரியவர் மனதில் ஒன்றும் இல்லை. அதையும் எழுத வேண்டும். அவர் என்னை மாட்டிவிட நினைக்கவில்லை. பெருமைக்காகத்தான் செய்தார். சட்டைப் பையில் பொத்தான் அளவுக்கு ஒரு காந்தம் வைத்திருந்தார். எங்கேயோ தேடி வாங்கியிருக்கிறார். சிறிசுதான், ஆனால் என் ஸ்பீக்கர் காந்தத்தைவிடப் பலமானது. ஐந்தாறு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு படியேறினார்.

"தம்பி மச்சினன் போட்டதுங்க. ஒரிஜினல் ஸ்டீலுங்க. பாருங்க, காந்தம் ஒட்டாது பாருங்க."

வைத்தார். நழுவியது. இன்னொரு படி ஏறி வைத்தார். நழுவியது. "பாத்தீங்களா?" சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

திருப்பத்துக்கு வந்தார். வைத்தார். கையை எடுத்தார்.

காந்தம் விழவில்லை.

கப்பென்று பிடிக்கவில்லை. இரும்பில் பிடிக்கிற மாதிரி இல்லை. ஆனால் நின்றது. பெரியவர் அதை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் நின்றது. வளைவு முழுக்க நின்றது.

கூட வந்தவர்களில் ஒருத்தர் சொன்னார். "நேராப் போறப்ப ஒரிஜினலு, திரும்பறப்ப டூப்ளிகேட்டுங்களா?"

படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கீழே இருந்தவர்களும் என்ன என்று தெரியாமலே சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. ஆட்களைக் கூட்டி வந்து காட்டியவர் அவர்தானே. முகம் கறுத்துவிட்டது.

"மச்சான், மேல வாங்க."

போனேன்.

"இது என்னங்க?"

காந்தத்தை வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். நேரான இடத்தில் விழுந்தது. வளைவில் நின்றது. வெல்டிங் வைத்த இடத்தில் வைத்தேன். அங்கேயும் லேசாகப் பிடித்தது.  என்ன என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

"தெரியலையே" என்றேன்.

"தெரியலீங்களா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்களே. ஒட்டலைன்னா ஒரிஜினல்னு."

காந்தத்தை நம்பாதீர்கள், அது ஒன்றும் காட்டாது என்று நான் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அதைச் சொன்னால், இத்தனை வருஷம் ஏன் அதைக் காட்டி விற்றாய் என்று வரும். கூட்டத்தில் எனக்கு வேலை கொடுத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். காந்தம் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவர்கள்.

தங்கச்சி ஆரத்தித் தட்டோடு படிக்குக் கீழே நின்றாள். "அண்ணே, என்னன்னு சொல்லுண்ணே" என்றாள்.

"மதுரைக் கடைக்காரன் ஏமாத்திட்டான் போல" என்றேன்.

அதுதான் நான் செய்தது. யாரும் சொல்வதற்கு முன்னால் என் வாயாலேயே அதைப் போலி என்று சொன்னேன். தப்பிக்கச் சொன்ன வார்த்தை. அந்த நேரத்தில் நான் அதை நம்பவும் செய்தேன்.

தங்கச்சி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சரி உடுங்க. நல்ல நாளு. சாப்பிட வாங்க" என்றார் பெரியவர். இலையில் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் பேச்சு அவளுக்குத்தான். எதிர் வரிசையில் யாரோ, "பொறந்த ஊட்டுக்காரங்களே இப்படிப் பண்ணுனா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு ரசம் கேட்டார்.

மறுநாள் மிச்சம் இருந்த பைப் துண்டை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். கடைக்காரரைச் சட்டையைப் பிடிக்கிற வேகத்தில் போனேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"வளைச்சீங்களா?"

"வளைச்சேன்."

"சுடாமயா?"

"சுடாமத்தான்."

என் துண்டையே வாங்கி, காந்தத்தை வைத்தார். விழுந்தது. ஒரு முனையைப் பட்டடைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் நாலு அடி அடித்துச் சப்பையாக்கினார். அங்கே காந்தத்தை வைத்தார். நின்றது.

"அடிச்சாலும் வளைச்சாலும் த்ரீ நாட் ஃபோரு செத்த பிடிக்கும். வெல்டிங் வச்ச இடத்துலயும் பிடிக்கும். அது அந்த உலோகத்தோட குணம். பொருளு ஒரிஜினல்தான்." துண்டை என் கையில் கொடுத்தார். "எத்தனை வருசமா பட்டறை வச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"நல்லா வச்சீங்க போங்க."

பஸ்ஸிலேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. கேட்ட வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க மச்சான். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா நேத்து நீங்களே ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிட்டீங்களே. இப்ப நான் போயி அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"நான் வந்து சொல்றேன்."

"வேண்டாமுங்க. கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாளில் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். பெரியவர் வேறு ஆளை வைத்துப் போட்டார். அந்த ஆள் வளைக்கவில்லை. மூலைக்கு மூலை குண்டு வைத்து ஒட்டினான். குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் காந்தத்தை இழுத்துக்கொண்டு போனால் ஓர் இடத்திலும் நிற்கவில்லையாம். பெரியவர் அந்த ஐந்தாறு சொந்தக்காரர்களையும் வரச் சொல்லி மறுபடி காட்டினாராம். தங்கச்சி இதைச் சொன்னது என் மனைவியிடம். என்னோடு பேசவில்லை.

என்ன போட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் ஊருக்குப் போட்டதைத்தான்.

அதற்குப் பிறகு பட்டறையில் காந்தத்தை எடுத்துவிட்டேன். வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு ரகத்துக்கும் ஒட்டாது, ஒட்டாததால் ஒன்றும் தெரியாது, உப்புத் தண்ணீர் என்றால் இரும்பில் பெயின்ட் அடித்துப் போடுங்கள் அல்லது காசு சேர்த்து நல்லதைப் போடுங்கள் என்று சொன்னேன். ஒரு வாத்தியார் சட்டைப் பையில் இருந்து சொந்தக் காந்தத்தை எடுத்தார். "எல்லாரும் இதைத்தானே சொல்றாங்க, நீ என்னப்பா புதுசாச் சொல்ற?" என்றார். எழுந்து எதிர்ப்பக்கத்துப் பட்டறைக்குப் போனார். அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். உண்மை சொன்னதற்காக யாரும் எனக்கு ஒரு வேலைகூடக் கொடுக்கவில்லை.

இரண்டு வருஷம் அந்த ஊருக்குப் போகவில்லை. பொங்கல் சீரைப் பஸ்ஸில் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்தது என்று மாப்பிள்ளை போன் செய்வார். தங்கச்சி பக்கத்தில்தான் இருந்திருப்பாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் அவளே போன் செய்தாள். நான் கிரில் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தினேன்.

"அண்ணே, பாப்பா பெரியவளாயிட்டா."

"எப்ப?"

"முந்தாநேத்து. சடங்குக்கு நாள் குறிச்சாச்சு. நீ வரணும். தாய்மாமன் இல்லாம ஆகாதுல்ல."

"வாரேன்."

 பிறகு, "அண்ணே, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றாள். "நீ போட்ட கைப்பிடி தோப்புலயே கெடந்துச்சு. போன மாசம் பழைய இரும்புக்காரன் வந்தான். இரும்பு வெலைக்குப் போடச் சொல்லிப் பெரியவங்க தூக்கி வச்சாங்க. அவன் ஒரு மூலையத் தேச்சுப் பாத்துட்டு, என்னமோ தண்ணி மாதிரி ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டு, இது எங்கிட்டுக் கெடைச்சது, அசல் த்ரீ நாட் ஃபோரு, தெரியாமத் தூக்கிக் குடுக்கிறீங்களேன்னு சொன்னான். நல்ல வெலை குடுத்தான்."

"அப்ப தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சிருச்சு. புதுசாப் போட்டது வேற முழுக்கப் பழுப்பாயிருச்சு. வெள்ளிப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. கையில ஒட்டுது."

 இரண்டு வருஷமாக அந்தச் செய்திக்குத்தான் காத்திருந்தேன் என்று நினைத்தேன். வந்ததும் ஒன்றும் ஆகவில்லை. மெஷின் சூடாக இருந்தது.

"பெரியவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அன்னைக்குச் சாப்பிடல. அதான்ணே..." இழுத்தாள். "நீ சடங்குக்கு உன் கையால எதுவும் செஞ்சுக் கொண்டாராத. பீரோ, கட்டில் எதுவும் பண்ணிராத. நகையோ, துணியோ கடையில வாங்குனதா இருக்கட்டும். நீ செஞ்சதக் கொண்டாந்து வச்சா, பெரியவங்களுக்குச் சங்கடமா இருக்கும். அப்புறம் அந்தக் கோவம் எம்மேலதான் வரும்."

"சரி."

"கோச்சுக்கிட்டியா?"

"இல்ல."

உண்மையிலேயே கோபம் இல்லை. அவள் அந்த வீட்டில் இருக்க வேண்டியவள். போலி என்று நினைத்தபோது என்னை வர வேண்டாம் என்றார்கள். அசல் என்று தெரிந்ததும் என் கைவேலை வர வேண்டாம் என்கிறார்கள். இரண்டாவதுதான் கனமாக இருந்தது. முதலாவதை அவர்களுடைய அறியாமையில் போட்டுவிடலாம். என்னுடையதிலும் பாதியைப் போடலாம். இரண்டாவதைப் போட இடம் இல்லை.

சடங்குக்குப் போனோம். கடையில் வாங்கிய பட்டுப்பாவாடை, கடையில் வாங்கிய கொலுசு, கடையில் வாங்கிய வெள்ளித் தட்டு. மைக்கில் வாசித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் வாசலில் நின்று கைகூப்பினார். "வாங்க மச்சான். பஸ்ஸுல எடம் கெடைச்சுதுங்களா?" என்றார். "கெடைச்சுச்சு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளைப் பார்த்தார். முன்பெல்லாம் நேரே பார்க்கிற ஆள்.

மாடிப்படி வெள்ளி நிறத்தில் இருந்தது. குண்டுக்குக் கீழே பெயின்ட் உரிந்து பழுப்பு தெரிந்தது. மாப்பிள்ளை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "எங்கூர்த் தண்ணி அப்படிங்க மச்சான். எதைப் போட்டாலும் நிக்கறதில்லீங்க" என்றார்.

"ஆமா மாப்பிள்ளை. உப்பு."



எங்கள் வழக்கத்தில் பெரியவளான பிள்ளையை உட்கார வைக்கிற ஓலைக்குடிலை, குச்சு என்போம், அதைக் கட்டுவது தாய்மாமன் வேலை. பச்சைத் தென்னோலையை அவன்தான் வெட்ட வேண்டும், முடைய வேண்டும், கட்ட வேண்டும். மற்றதெல்லாம் கடையில் வாங்கலாம். அதை வாங்க முடியாது. பஸ்ஸில் வரும்போதே அரிவாளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். இதற்கு அவள் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

கூடத்துக்குள் போனால் குச்சு கட்டி முடித்திருந்தது. பந்தல்காரன் கட்டியது. பிளாஸ்டிக் ஓலை, தெர்மோகோல் மயில், கலர் பல்பு. சுற்றிலும் அவர்கள் தென்னந்தோப்புதான். ஒரு நிஜ ஓலைகூட அதில் இல்லை.

தங்கச்சி வந்தாள். இளைத்திருந்தாள். "பெரியவங்க ஏற்பாடு பண்ணிட்டாங்க. உனக்குச் செரமம் வேண்டாம்னுதான்" என்றாள். என் பையைப் பார்த்தாள். அரிவாள் பிடி வெளியே தெரிந்தது. பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

பிள்ளை குச்சுக்குள் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து, "மாமா" என்றது. போட்டோக்காரர் லைட்டைத் திருப்பினார்.

"தாய்மாமா வாங்க. இங்க நில்லுங்க. அந்த ஓலை மேல கையை வைங்க. நீங்க கட்டுற மாதிரி."

நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் மேல. ஆங். சிரிங்க மாமா."

கையை வைத்தேன். படம் எடுத்துக்கொண்டார். அடுத்து அத்தை யார் என்று கூப்பிட்டார்.